இறங்குவதற்குத்தான் தடி

வெள்ளியங்கிரி ஏறப்போகிறவர்கள் பூண்டி அடிவாரத்தில் முதலில் வாங்குவது மூங்கில் தடி. மூன்று ஆண்டுகளுக்கு முன், என் 63-ஆவது வயதில், முதன்முறையாக அந்த மலைக்குப் போனேன். பங்குனி மாதம், இரவு நேரம். தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவன் என்ற தைரியத்தில் தடி வேண்டாம் என்று நகர்ந்தேன். விற்றுக்கொண்டிருந்த அம்மா விடவில்லை. "ஏறுறதுக்கு வேண்டாமுங்க. எறங்கறப்பத்தானுங்க வேணும். வாங்கிக்கிட்டுப் போங்க" என்றார். கூட வந்த மச்சான் பேசாமல் இரண்டு வாங்கி, ஒன்றை என் கையில் திணித்தார்.

அந்த அம்மா சொன்னதன் பொருள் மறுநாள் காலைதான் புரிந்தது. ஏறும்போது மூச்சு வாங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது; நின்று நின்று போனதில் எல்லாம் சரியாயிற்று. ஏழாம் மலையில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது பெரிய வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆண்டிச் சுனை தாண்டுவதற்குள் முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கியது. வழுக்குப்பாறையில் தடியை ஊன்றி உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். முதல் மலையின் கல்படிகளுக்கு வந்தபோது இரண்டு தொடைகளும் தாமாக நடுங்கின. நண்டுபோலப் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினேன். மூச்சு வாங்கவே இல்லை. நாடித்துடிப்பு சாதாரணமாக இருந்தது. கால்தான் என் பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழிப்பறையில் உட்காரவும் முடியவில்லை, உட்கார்ந்தால் எழவும் முடியவில்லை.

ஏறும்போது புவியீர்ப்புக்கு எதிராக உடலைத் தூக்குகிறோம். இறங்கும்போது அதே ஈர்ப்பு நம்மைக் கீழே கொண்டுவந்து சேர்க்கிறது. அப்படியானால் இறக்கம் சும்மா கிடைக்கிற பாதி வழியாக அல்லவா இருக்க வேண்டும்? வயது கூடக் கூட ஏன் அதுவே கண்டமாகிறது?

தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடம் பிடிக்கிறவர்கள் முன்னால் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சக்கரத்தின் ஓரத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சிலர்தான். ஆனால் தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையில். சரிவில் வடம் பிடிப்பவர்களுக்கு வேலையே இல்லை, முட்டுக்கட்டைக்காரர்களுக்குத்தான் உயிர்போகும். மலை இறங்கும்போது நம் தொடையின் முன்பக்கத் தசை செய்வது இந்த முட்டுக்கட்டை வேலை. ஒரு படி கீழே கால் வைக்கும்போது மேற்படியில் இருக்கும் முழங்கால் மெல்ல மடங்குகிறது. அது மடாரென்று மடங்கிவிடாமல், உடல் எடை முழுவதையும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது அந்தத் தசை. கிணற்றில் நிறைகுடத்தை இறக்குகிறவர் கயிற்றைக் கைக்குள் பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறக்குவது போல. தசை இழுத்துப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. அதே நேரம் நீண்டுகொண்டும் போகிறது.

தசை சுருங்கும்போது மயோசின் என்ற புரத இழைகளின் தலைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. ஒவ்வொரு பற்றுதலையும் விடுவித்து அடுத்ததைப் பற்ற ஒரு துளி எரிபொருள் வேண்டும். நீண்டுகொண்டே தாங்கும்போது கதை வேறு. பற்றிக்கொண்ட தலைகளை வெளியிலிருந்து வரும் சுமையே பிய்த்து எடுக்கிறது. எரிபொருள் அதிகம் செலவாவதில்லை. தசைக்குள் வில்போல இருக்கும் டைட்டின் என்ற ராட்சதப் புரதமும் விறைத்து நின்று சுமையில் ஒரு பங்கை ஏற்கிறது. அதனால் குறைந்த இழைகளே பெரும் எடையைத் தாங்கிவிடுகின்றன. மூச்சு வாங்காததற்கு இதுதான் காரணம். ஆனால் குறைந்த இழைகளில் நிறைந்த சுமை விழுவதால் அவற்றில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. உடல் அந்த இடங்களைச் செப்பனிட வீக்கத்தை வரவழைக்கிறது. வலி உடனே தெரியாமல் ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் உச்சத்துக்குப் போவது அந்தச் செப்பனிடும் வேலையால்தான். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்த அமிலம் ஓய்ந்து உட்கார்ந்த ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மூன்றாம் நாள் வலிக்கு அதன்மேல் பழி போட முடியாது.

ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை 1952-இல் இங்கிலாந்தில் அபட், பிக்லண்ட், ரிட்சி ஆகிய மூவரும் ஓர் அழகான சோதனையால் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையைத் தன் காலால் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் விழும் விசை ஒன்றே. ஆனால் தடுக்கிறவர் உள்ளிழுத்த ஆக்சிஜன், மிதிக்கிறவருடையதைவிடப் பல மடங்கு குறைவு. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, தடுக்கும் பக்கம் சிறிய உடல்வாகு கொண்ட ஒரு பெண் சிரமமின்றி உட்கார்ந்திருக்க, மிதிக்கும் பக்கம் இருந்த பெரிய ஆள் களைத்துப்போனார். வந்திருந்தவர்கள் மிகவும் ரசித்தார்களாம். எனக்கு அந்தக் காட்சி வேறொரு காரணத்துக்காகப் பிடிக்கும். இதயமும் நுரையீரலும் தளர்ந்த ஒரு முதியவரால்கூடத் தன் கால்தசைகளுக்குப் போதிய வேலை கொடுக்க ஒரு வழி உண்டு என்று அது சொல்கிறது.

முதுமையில் தசை கரைகிறது என்பது எல்லோரும் அறிந்ததே. 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் அதற்கு சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். கரைவதிலும் ஒரு பாரபட்சம் இருக்கிறது. சட்டென்று வினையாற்றும் வேக இழைகள் அதிகம் மெலிகின்றன. நிதானமான இழைகள் ஓரளவு தங்குகின்றன. அதேபோல், தூக்கும் பலம் குறைகிற அளவுக்குத் தாங்கும் பலம் குறைவதில்லை. எழுபது வயதுக்காரரின் கால் இளமையில் ஏறியதுபோல் ஏறாது. ஆனால் தடுத்து நிறுத்தும் வலு அவரிடம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே மிஞ்சியிருக்கும். எஞ்சின் தேய்ந்த வண்டியில் பிரேக் நன்றாகவே இருக்கிறது.

பிறகு ஏன் விழுகிறார்கள்? பிரேக் இருந்தும், அதை மிதிக்க வேண்டிய நொடியில் மிதிக்க முடியாததால். கல் உருள்கிறது, கால் வழுக்குகிறது. சமாளித்து நிற்க ஒரு நொடிக்கும் குறைவான நேரமே கிடைக்கிறது. அதற்குத் தேவையான வேக இழைகள்தான் முதலில் போய்விட்டனவே. பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வரும் செய்தி தாமதமாகிறது. உட்காதின் சமநிலை உறுப்பு மங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண். அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கண்பாப்பா முன்புபோல் விரிவதில்லை, கண்வில்லை மஞ்சளிக்கிறது. வெள்ளியங்கிரியை இரவில் ஏறுவது நம் வழக்கம். பேரனுக்குப் போதுமான டார்ச் வெளிச்சம் தாத்தாவுக்குப் போதாது. தாத்தா கையில்தான் பெரிய டார்ச் இருக்க வேண்டும்.

கண்ணாடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ளெழுத்துக்காகக் கீழ்ப்பாதியில் படிக்கும் வில்லை வைத்த கண்ணாடியைத்தான் நம்மில் பெரும்பாலோர் நாள் முழுக்கப் போட்டுக்கொள்கிறோம். படி இறங்கும்போது குனிந்து பார்க்கிற பார்வை அந்தக் கீழ்ப்பாதி வழியாகவே போகிறது. ஒரு முழ தூரத்தில் புத்தகம் படிக்கச் செய்த வில்லைக்கு, காலடியில் இருக்கும் படியின் விளிம்பு மங்கலாகத்தான் தெரியும். ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட கண்ணாடி அணியும் 606 முதியவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு, வெளியே நடக்கும்போது போட்டுக்கொள்ளத் தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி கொடுத்தார்கள். அடிக்கடி வெளியில் நடமாடுகிறவர்கள் விழுவது கணிசமாகக் குறைந்தது. ஆனால் எப்போதாவது மட்டும் வெளியே போகிறவர்களுக்கு அது பலன் தரவில்லை. அவர்கள் வெளியில் விழுவது கூடியது. பழகாத கண்ணாடியை மலையடிவாரத்தில் புதிதாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. நான் மூன்று மாதம் முன்பே மாற்றிப் பழகினேன்.

இனி முழங்கால். "மூட்டு தேஞ்சுபோச்சு, மலையெல்லாம் மறந்துடுங்க" என்ற வாக்கியத்தை நம் வீடுகளில் யாராவது ஒருவராவது கேட்டிருப்பார். பெர்லினில் ஆய்வாளர்கள், செயற்கை மூட்டு பொருத்திக்கொண்ட ஐந்து பேரின் மூட்டுக்குள்ளேயே அளவுமானியை வைத்து, அன்றாட அசைவுகளில் விழும் சுமையைக் கம்பியில்லாமல் பதிவு செய்தார்கள். 2010-இல் வெளியான அந்த அளவுகளின்படி, சமதரையில் நடக்கும்போது மூட்டில் உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு விழுகிறது. படி ஏறும்போது சுமார் 3.2 மடங்கு. இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் இறங்கும் ஒவ்வொரு படியிலும் அவர் முழங்கால் 200 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. வெள்ளியங்கிரியில் அப்படி எத்தனை ஆயிரம் படி!

அதே அளவீட்டில் என் கண்ணில் பட்ட இன்னொன்று, நாற்காலியில் உட்காருவது. அதற்கே இரண்டே கால் மடங்கு. நாம் நாளெல்லாம் செய்கிற அசைவுகளுக்கும் மலை இறங்குவதற்கும் இடையே நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய பள்ளம் இல்லை. மூட்டின் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அமுங்கும்போது பஞ்சுபோல் திரவத்தை வெளியே விட்டு, சுமை நீங்கும்போது உறிஞ்சிக்கொண்டுதான் அது ஊட்டம் பெறுகிறது. அமுங்கி விரியாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. எனவே மலையை மறக்கச் சொல்வதற்கு முன், சுமையின் அளவைக் குறைக்க வழி பார்ப்பதே சரி. சால்ஸ்பர்க்கில் நடத்தி 1999-இல் வெளியான ஆய்வில், செங்குத்தான சரிவில் இரண்டு கைகளிலும் கோல் ஊன்றி இறங்கியவர்களின் முழங்கால் சுமை 12 முதல் 25 விழுக்காடுவரை குறைந்தது. பூண்டி அம்மாவுக்கு இந்த எண்கள் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் இறங்கி வருகிறவர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்துச் சொன்னவர் அவர். நான் மட்டும் ஒரு தடிக்குப் பதில் இரண்டு தடியாக எடுத்துக்கொள்கிறேன்.

மலை இறங்குவதில் இத்தனை தொல்லை இருந்தும் அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராததற்குக் காரணம், அந்த இறக்கமே மருந்தாகவும் இருப்பதுதான். ஆஸ்திரியாவில் ஹைன்ஸ் டிரெக்சல் என்ற மருத்துவர், உடற்பயிற்சி வழக்கமில்லாத 45 பேரை ஆல்ப்ஸ் மலைச்சரிவு ஒன்றுக்கு வரச் சொன்னார். இரண்டு மாதம் நடந்து ஏறி, கேபிள் காரில் இறங்க வேண்டும். அடுத்த இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறி, நடந்து இறங்க வேண்டும். உயர வேறுபாடு 540 மீட்டர். வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து முறை. ஏறியதில் ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு குறைந்தது. இறங்கியதில் சர்க்கரையைக் கையாளும் திறன் மேம்பட்டது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். இரண்டிலுமே குறைந்தது. மூச்சு வாங்காமல் செய்த வேலைக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. தைவானில் உடல் பருமன் உள்ள 30 மூதாட்டிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை மாடிப்படி ஏறவும், மற்றதை லிஃப்டில் போய்ப் படி இறங்கவும் வைத்தார்கள். வாரம் இரண்டு முறை, 12 வாரம். 2017-இல் வெளியான முடிவில், கால் பலம், எலும்பின் அடர்த்தி, சர்க்கரை, இதயத்துடிப்பு எனப் பலவற்றில் இறங்கியவர்களே அதிக முன்னேற்றம் கண்டார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குப் பழனிதான் ஞாபகம் வந்தது. விஞ்சு இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, படி வேண்டாம் என்பவர்களுக்குச் சாய்வாகப் போகும் யானைப்பாதை இருக்கிறது. டிரெக்சலின் ஆய்வுக்கூடத்தை நம் ஊரில் முருகனே அமைத்து வைத்திருக்கிறார். வயதானவர்கள் அங்கே பெரும்பாலும் விஞ்சில் ஏறி விஞ்சிலேயே இறங்கிவிடுகிறார்கள். விஞ்சில் ஏறி, யானைப்பாதையில் மெல்ல இறங்கிப் பாருங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். இறக்கத்தால் உண்டாகும் தசைச் சேதத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை அளவாகப் பட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையால் அவ்வளவு சேதமடையாது. முதல் அடியிலேயே தன்னை மாற்றிக்கொண்டுவிடும். அதனால் மலைக்குப் போக நாள் குறித்தவர்கள், ஒன்றிரண்டு வாரம் முன்பு சிறிய இறக்கம் ஒன்றில் தசையை லேசாக நோகவிட்டு வைப்பது பெரிய உதவி. மலையில்லாத ஊரில் மாடிப்படி போதும். அதுவும் இல்லையென்றால் நாற்காலி. தொப்பென்று விழாமல், ஐந்து எண்ணி மெல்ல உட்கார வேண்டும். அதுவும் ஓர் இறக்கமே.

எச்சரிக்கைகளை நான் மெத்தனமாகச் சொல்லப்போவதில்லை. வெள்ளியங்கிரியில் உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்தி பருவந்தோறும் வருகிறது. இதய நோய், மூச்சுத் தொல்லை, சர்க்கரை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்று வனத்துறை கேட்டுக்கொள்வது வெறும் சடங்கு அல்ல. ஏற்றத்தில் ஆபத்து இதயத்துக்கு. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாக வராமல் வெறும் மூச்சுத்திணறலாக, வியர்வையாக, சொல்லத் தெரியாத சோர்வாக வரலாம். "வாயுத் தொல்லை" என்று ஓமவாட்டர் குடித்துவிட்டு மேலே நடக்கக் கூடாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்குப் பல மணி நேர நடையில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். மடியில் வெல்லமோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். மெட்டோபுரோலால், அட்டினோலால் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் நாடி எவ்வளவு சிரமப்பட்டாலும் ஓரளவுக்கு மேல் ஏறாது. அவர்கள் நாடியையோ கையில் கட்டிய கடிகாரத்தையோ நம்பாமல், பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்வது மேல். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு ஏறவே கூடாது. இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். கல் குத்தியது தெரியாமல் நடந்து, புண் புரையோடி, விரலை இழந்த ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். செருப்புப் போட்டு வந்த பக்தனைச் சிவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தாகத்தை நம்பி இருப்பதும் தவறு. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், 67 முதல் 75 வயதுவரையுள்ள ஆரோக்கியமான ஆண்கள் ஏழு பேரையும் இளைஞர்கள் ஏழு பேரையும் 24 மணி நேரம் தண்ணீரின்றி இருக்க வைத்தார்கள். உடல் வற்றிய பிறகும் முதியவர்களுக்கு இளைஞர்கள் அளவுக்குத் தாகம் எடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். மலைவழியில் வரும் கைதட்டிச் சுனையில் தாகம் இருக்கிறதோ இல்லையோ நாலு மடக்குக் குடிக்க வேண்டியதுதான். உடல் வற்றிய நிலையில் நெடுநேரம் இறங்கி, மறுநாள் சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால், அது சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி. இளநீர் குடித்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஜப்பானைச் சேர்ந்த யூயிச்சிரோ மியூராவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1970-இல் எவரெஸ்ட்டின் சரிவில், சுமார் 8,000 மீட்டர் உயரத்திலிருந்து பனிச்சறுக்கி இறங்கியவர். அவர் பெயர் உலகுக்குத் தெரிந்ததே ஓர் இறக்கத்தால்தான். அப்போது முதுகில் பாராசூட் கட்டியிருந்தார், பிரேக்குக்காக. அதன் பிறகு 70 வயதில், 75 வயதில் என்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். இடையில் இடுப்பெலும்பு முறிந்தது. இதயத்துடிப்பு சீரில்லாமல் போய்ப் பலமுறை சிகிச்சை செய்துகொண்டார். காலில் எடை கட்டி, முதுகில் சுமையேற்றி ஊர்த் தெருக்களில் நடந்து நடந்து, 2013 மே மாதம் 80 வயதில் மீண்டும் உச்சிக்குப் போனார். இன்றுவரை அவ்வளவு வயதில் அங்கே வேறு யாரும் நின்றதில்லை. இறங்கும்போது உடல் கைவிட்டது. சுமார் 6,500 மீட்டர் உயரத்தில் இருந்த முகாம்வரை நடந்து வந்தவர், அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஏறினார். அதைக் குறையாகப் பேசியவர்கள் உண்டு. 80 வயதில் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்ததை நான் குறையாக நினைக்கவில்லை. 2020-இல் கழுத்துத் தண்டுவடத்தில் ரத்தம் உறைந்து கை கால்கள் செயலிழந்தன. 2023-இல், 90 வயதில், குடும்பத்தாரும் நண்பர்களும் இழுத்துப் பிடிக்க, மலைக்கென்று செய்த சக்கர நாற்காலியில் ஃபூஜி உச்சிக்குப் போய்வந்தார்.

இந்த ஆண்டு மாசியில் நான் இரண்டு முறை பழனிக்குப் போனேன். இரண்டு முறையும் விஞ்சில் ஏறி, நடந்து இறங்கினேன். முதல்முறை போய்வந்த மூன்றாம் நாள் காலையில் தொடையில் கைவைக்க முடியவில்லை. இருபது நாள் கழித்து மறுபடியும் போனேன். மறுநாள் தொட்டுப் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை. மச்சானுக்குப் போன் போட்டு, பங்குனியில் எந்த வாரம் தோதுப்படும் என்று கேட்டேன். "தடி ரெண்டா, நாலா?" என்றார்.